61 வயதில் மறுமணம் பாவமா?

கேள்வி:

அன்புள்ள அம்மா, நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், வயது 61. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவன். என் மனைவி புற்றுநோயில் இறந்து நாலு வருஷம் ஆகிறது. மகன் பெங்களூரிலும் மகள் மஸ்கட்டிலும் குடும்பத்தோடு இருக்கிறார்கள். பகலை எப்படியோ ஓட்டிவிடுகிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டில் இருக்க முடியவில்லை. டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு வேறு அறையில் உட்கார்ந்திருக்கிறேன்.

பக்கத்துச் சேகரத்தில் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைப் பகுதி) ஒரு சகோதரி இருக்கிறார். 53 வயது, ஆசிரியை. அரசு ஊழியராக இருந்த அவருடைய கணவர் இறந்து ஏழு வருஷம் ஆகிறது. ஒரே மகள் கல்லூரியில் படிக்கிறாள். திருமண்டலக் கூட்டங்களில் எங்களுக்குப் பழக்கம். திருமணம் செய்துகொள்ளலாம் என்று ஒரு எண்ணம். மகனிடம் சொன்னேன். 'அதுக்குள்ள அம்மாவ மறந்துட்டீங்களாப்பா' என்று போனை வைத்துவிட்டான். மகள் அழுகிறாள். சேகர கமிட்டி அண்ணாச்சி ஒருவர், 'இந்த வயசுல ஜெபத்துல தரித்திருங்க சார், கர்த்தரைவிட நல்ல துணை உண்டா?' என்கிறார். உடம்பு சம்பந்தமான ஆசை எதுவும் எனக்கு இல்லை. பேச்சுத்துணைக்கும் ஒரு வாய்ச் சோற்றுக்கும்தான். இது பாவமா? பரலோகத்தில் என் மனைவி முகத்தில் எப்படி விழிப்பேன்? செய்வதானால் விடியற்காலையில் யாருக்கும் தெரியாமல் முடித்துவிடலாமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்:

அன்புள்ள ஐயா,

பாவம் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பயத்தோடு படித்தால் மற்றது எதுவும் மனதில் ஏறாது.

நான் குடும்ப ஆலோசகர், குருவானவர் அல்ல. ஆனால் இந்த விஷயத்தில் வேதம் சுற்றி வளைக்கவில்லை. துணைவர் இறந்தவர் மறுபடி மணம் செய்துகொள்ளலாம் என்று பவுல் இரண்டு இடத்தில் சொல்கிறார்: ரோமர் 7ஆம் அதிகாரத்தின் தொடக்கத்திலும், 1 கொரிந்தியர் 7:39லும். அங்கே பேச்சு விதவைகளைப் பற்றியது. மனைவியை இழந்த ஆணுக்கும் அதே நியாயம்தான். மணந்துகொள்கிறவர் கர்த்தருக்குட்பட்டவராக, அதாவது விசுவாசியாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. அடுத்த வசனத்தையும் நான் மறைக்கக் கூடாது. அப்படியே இருந்துவிட்டால் இன்னும் பாக்கியம் என்று பவுல் சொல்கிறார், ஆனால் 'என்னுடைய அபிப்பிராயத்தின்படி' என்று சேர்த்துத்தான் சொல்கிறார். தன் கருத்து எது, கட்டளை எது என்று பிரித்துச் சொல்லும் நேர்மை அவருக்கு இருந்தது. நம் கமிட்டிகளில் அது கொஞ்சம் குறைவு.

பீடத்தின் முன்னால் நீங்கள் கொடுத்த வாக்கும் மரணம் பிரிக்கும்வரைதான். நாலு வருஷம் முன்பு அதைக் கடைசி நாள்வரை நிறைவேற்றிவிட்டீர்கள். புற்றுநோய் வார்டில் உட்கார்ந்திருந்த கணவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால் அது லேசாக நிறைவேறியிருக்காது என்றும் தெரியும்.

இனி அந்த அண்ணாச்சிக்கு வருவோம். 'கர்த்தரைவிட நல்ல துணை உண்டா' என்று கேட்டால் நம்மில் யாரும் 'உண்டு' என்று சொல்ல மாட்டோம். அதனாலேயே அந்தக் கேள்வி வாயை அடைத்துவிடுகிறது. ஆனால் ஆதியாகமம் 2ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். 'மனுஷன் தனிமையாயிருப்பது நல்லதல்ல' என்று தேவன் சொன்னபோது ஆதாம் எப்படி இருந்தான்? பாவம் இன்னும் உலகத்துக்குள் வரவில்லை. தோட்டம் இருந்தது, செய்ய வேலை இருந்தது, கர்த்தரும் கூடவே இருந்தார். அவன் ஜெபத்தில் குறைவுபட்டதால் தனியாக உணரவில்லை. ஆறு நாளும் படைத்ததையெல்லாம் நல்லது, நல்லது என்று பார்த்துக்கொண்டே வந்தவர், முதல்முறையாக ஒன்றை நல்லதல்ல என்று சொன்னது இந்த இடத்தில்தான். 'நான் இருக்கிறேனே, உனக்கு வேறென்ன வேண்டும்' என்று தேவனே கேட்கவில்லை. நாம் கேட்கிறோம்.

கெத்செமனேயையும் பாருங்கள். பிதாவிடம் ஜெபிக்கப் போன இயேசு, பேதுருவையும் செபெதேயுவின் குமாரர் இருவரையும் கூட்டிக்கொண்டு போனார். 'என்னோடேகூட விழித்திருங்கள்' என்று அவர்களிடம் கேட்டார். அவர்கள் தூங்கிவிட்டார்கள், அது வேறு கதை. தேவகுமாரனே ஒரு ராத்திரிக்குப் பக்கத்தில் மனிதர்கள் வேண்டும் என்று கேட்டிருக்கும்போது, ஓய்வுபெற்ற ஒரு சார் கேட்டால் அது விசுவாசக் குறைவு ஆகிவிடுமா?

தனியாக வாழ்வதைப் புகழ்ந்து எழுதிய பவுலுக்கும் இதே நிலைதான். சிறையிலிருந்து அவர் எழுதிய இரண்டாம் தீமோத்தேயுவின் கடைசி அதிகாரத்தில் உபதேசம் குறைவு, ஏக்கம் அதிகம். தேமா விட்டுப் போய்விட்டான், லூக்கா மட்டும் கூட இருக்கிறான், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, துரோவாவில் விட்டுவந்த மேலங்கியை எடுத்து வா, மாரிகாலத்துக்கு முன்னே வந்துவிடு. பவுல் மணமாகாதவராகத்தான் இருந்தார். ஆனால் ஆளில்லாமல் இருக்க அவருக்கும் பிடிக்கவில்லை.

இந்த வித்தியாசத்தை நம் சபைகள் சரியாகப் பிடிப்பதில்லை. மணமாகாமல் இருப்பது வேறு, தனியாக இருப்பது வேறு. மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் 1798ல் தஞ்சாவூரில் இறக்கும்வரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் நண்பர் கோலாஃபின் மகனைத் தன்னோடு வைத்து வளர்த்தார். பின்னால் ராஜாவான சரபோஜியும் அவருடைய பாதுகாப்பில் இருந்தவர்தான். டோனாவூரில் மிஷனரியாக இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரும் மணமாகாதவர், ஆனால் அவரைச் சுற்றிப் பிள்ளைகள் நிறைந்த ஒரு வளாகமே இருந்தது. இவர்களை உதாரணம் காட்டி உங்களைத் தனியாக இருக்கச் சொல்கிறவர்கள் இந்தப் பாதியைச் சொல்வதில்லை. அசனப் பண்டிகையில் நூற்றுக்கணக்கானவர்களோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து பூட்டைத் திறக்கிறபோது ஒரு சத்தமும் இல்லை என்றால், சபை இருந்தும் நீங்கள் தனியாகத்தான் இருக்கிறீர்கள். அண்ணாச்சிக்கு உண்மையிலேயே மறுமணம் வேண்டாம் என்று தோன்றினால், வாரத்தில் இரண்டு சாயங்காலம் உங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேசட்டும். அதற்கு அவர் தயாரா என்று கேட்டுப் பாருங்கள், சண்டைக்கு இல்லாமல் நிஜமாகவே.

இன்னொரு செய்தி, நம் பக்கத்து வயதானவர்களுக்குப் பிடிக்கும். நம் திருச்சபையின் ஆங்கிலிக்கன் முன்னோர்கள் பயன்படுத்திய 1662ஆம் வருஷத்து ஜெபப் புத்தகத்தில், கல்யாணம் எதற்காக ஏற்படுத்தப்பட்டது என்பதற்கு மூன்று காரணம் சொல்லியிருக்கும். பிள்ளைகளைப் பெற்று வளர்க்க, பாவத்துக்கு விலக, அப்புறம் வாழ்விலும் தாழ்விலும் ஒருவருக்கொருவர் துணையும் உதவியும் ஆறுதலுமாயிருக்க. அதே ஆராதனை முறையில் பிள்ளைப் பாக்கியத்துக்காக ஒரு ஜெபம் வரும். அதற்கு மேலே சின்னதாக ஒரு குறிப்பு: பெண் பிள்ளைபெறும் வயதைக் கடந்தவராயிருந்தால் இந்த ஜெபத்தை விட்டுவிட வேண்டும். அதாவது மூன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, வயதான ஒரு ஜோடி பீடத்தின் முன்னால் வந்து நிற்கும் என்று எதிர்பார்த்துத்தான் புத்தகத்தை அச்சடித்திருக்கிறார்கள். உங்களை யாராவது 'இது என்ன புதுப் பழக்கம்' என்று கேட்டால் இதைச் சொல்லலாம்.

வேதத்தைப் பொறுத்தவரை உங்களுக்குத் தடையில்லை. எனக்கு உறுத்துவது வேறு.

உங்கள் கடிதத்தில் உங்கள் சாயங்காலம் இருக்கிறது, மகனின் கோபம் இருக்கிறது, மகளின் அழுகை, அண்ணாச்சியின் வசனம், ஏன், இறந்துபோன உங்கள் மனைவி பரலோகத்தில் என்ன நினைப்பார் என்பதுகூட இருக்கிறது. உயிரோடிருக்கும் அந்த அம்மா என்ன நினைக்கிறார் என்று ஒரு வரி இல்லை. வயது, வேலை, எத்தனை வருஷ விதவை, இவ்வளவுதான். 'ஒரு எண்ணம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணம் யாருடையது? வெளிப்படையாகப் பேசியாயிற்றா, அல்லது கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது அவர் சிரித்துப் பேசியதை வைத்து நீங்களாக முடிவு கட்டியதா? பேசாமல் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தால், அவருக்குத் தெரியாமலே அவர் பெயர் பெங்களூரிலும் மஸ்கட்டிலும் அடிபட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். முதல் வேலையாக அதைச் சரிசெய்யுங்கள்.

'பேச்சுத்துணைக்கும் ஒரு வாய்ச் சோற்றுக்கும்தான்' என்ற வரியும் என்னை நிறுத்தியது. சோற்றுக்கு என்றால் சமையலுக்கு ஆள் வைக்கலாம், மாதம் இவ்வளவு என்று கொடுத்தால் போதும். அந்த அம்மா பகல் முழுவதும் பள்ளிக்கூடத்தில் நின்று பாடம் எடுத்துவிட்டு, ஏழு வருஷமாக ஒற்றை ஆளாக மகளை வளர்த்துக்கொண்டு வந்திருக்கிறார். ஓய்வுபெறும் நேரத்தில் இன்னொரு வீட்டு அடுப்படியைத் தலையில் ஏற்றிக்கொள்ள அவர் ஏன் வர வேண்டும்? வேதம் சொல்கிற துணை இரண்டு பக்கமும் ஓடுவது. ஒருவன் விழுந்தால் அவன் உடனாளி அவனைத் தூக்கிவிடுவான் என்கிறது பிரசங்கி 4ஆம் அதிகாரம். விழுகிறவர் எப்போதும் நீங்கள், தூக்கிவிடுகிறவர் எப்போதும் அவர் என்று அங்கே எழுதியிருக்கவில்லை. உங்களுக்குச் சோறு வைக்கத் தெரியாவிட்டால் இப்போதே கற்றுக்கொள்ளுங்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை. 61 வயதில் ஒரு ஆண் ரசம் வைக்கப் பழகினால், அவர் எதற்காகக் கல்யாணம் செய்கிறார் என்பது பிள்ளைகளுக்கும் தெளிவாகும், அவருக்கே தெளிவாகும்.

அடுத்தது, உடம்பு. 'அந்த ஆசை எதுவும் இல்லை' என்று நீங்கள் எழுதியது கூச்சத்தில் இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். எதுவானாலும் என்னிடம் சொல்வதைவிட அவரிடம் பேசுவது முக்கியம். 1 கொரிந்தியர் 7ல் கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் செய்ய வேண்டிய கடமையைப் பவுல் எழுதும்போது வயது வரம்பு எதுவும் போடவில்லை. அந்த அம்மாவுக்கு ஒரு எதிர்பார்ப்பு இருக்கலாம், அல்லது அந்தப் பேச்சே வேண்டாம் என்றிருக்கலாம். மௌனமாகக் கல்யாணம் செய்துகொண்டு பிறகு ஒருவர் ஏமாறுவதுதான் என் அறைக்கு வருகிற கதைகளில் அடிக்கடி நடப்பது. 'வெறும் துணைக்குத்தான்' என்று ஊருக்குச் சொல்லிக்கொள்வது புனிதமாகத் தோன்றலாம். ஆனால் தாலி கட்டிய மனைவியை வெறும் துணை என்று சொல்வது அவருக்கு மரியாதை இல்லை. சர்க்கரை, பிரஷர், பழைய ஆபரேஷன் எல்லாவற்றையும் இருவரும் ரிப்போர்ட்டோடு பகிர்ந்துகொள்ளுங்கள். ஒருவர் படுத்தால் மற்றவர் பார்ப்பாரா, பிள்ளைகள் வருவார்களா என்பதையும் இப்போதே பேசலாம்.

அவருடைய மகள் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். கல்லூரியில் படிக்கிற பெண் இருக்கிற வீட்டில் புதிதாக ஒரு ஆண் வந்து குடியேறுவது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அந்தப் பெண்ணுக்குச் சங்கடம்தான். அவளிடம் தனியாக, அவள் அம்மாவே பேச வேண்டும். அவள் உங்களை அப்பா என்று கூப்பிட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அங்கிள் என்றாலும் சார் என்றாலும் சரி. அவளுக்கென்று தாழ்ப்பாள் போட்ட ஒரு அறை இருக்க வேண்டும். அவள் படிப்பு முடியும்வரை அந்த அம்மா தன் வீட்டிலேயே இருந்து, கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளுங்கள். காத்திருக்கிற காலத்தில் நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்று பார்த்தே அந்தப் பெண் உங்களை எடைபோடுவாள்.

இனி பணம். கிறிஸ்தவர்கள் பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவோம், பிறகு கோர்ட்டில் சந்தித்துக்கொள்வோம்.

அந்த அம்மாவுக்குக் கணவர் வழியில் குடும்ப ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தால், மறுமணம் செய்ததும் அது பொதுவாக நின்றுவிடும். அதாவது இந்தக் கல்யாணத்தால் அவருக்கு மாதாமாதம் ஒரு நஷ்டம், உங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. இதை அவர் வாயால் சொல்லவிடாமல் நீங்களே எடுத்துப் பேசுங்கள். அந்த ஓய்வூதியம் மகளுக்கு மாற வழியுண்டா என்று கருவூல அலுவலகத்தில் அவர் விசாரிக்கட்டும். தாலி கட்டாமல் ஜெபம் மட்டும் செய்துவிட்டுச் சேர்ந்து இருங்கள், பென்ஷன் தப்பும் என்று யோசனை சொல்கிறவர்கள் வருவார்கள். வேண்டாம். நாளைக்கு உங்களுக்கு ஒன்று என்றால் ஆஸ்பத்திரியிலும் சரி, பென்ஷன் அலுவலகத்திலும் சரி, அவர் யாரோ ஆகிவிடுவார். திருமணத்தை முறைப்படி பதிந்து, உங்கள் ஓய்வூதிய ஆவணத்தில் அவர் பெயரைச் சேர்க்க வேண்டியதைச் செய்யுங்கள்.

சொத்துக்கு வந்தால், நமக்குப் பொருந்துவது 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் இல்லாமல் நீங்கள் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் இரண்டு பங்கு உங்கள் பிள்ளைகளுக்கு. அந்த அம்மாவின் மகளுக்கு உங்கள் சொத்தில் சட்டப்படி ஒன்றும் வராது, உங்கள் பிள்ளைகளுக்கும் அவருடைய சொத்தில் அப்படியே. இன்னொன்று பலருக்குத் தெரியாது: ஏற்கெனவே உயில் எழுதி வைத்திருந்தால், நீங்கள் மறுமணம் செய்த நிமிஷமே அது செல்லாமல் போய்விடும். 69ஆம் பிரிவு. ஆகவே கல்யாணத்துக்குப் பிறகு புது உயில் எழுதியே ஆக வேண்டும், அந்த அம்மாவும்தான். ஒரு வழக்கறிஞரிடம் இருவரும் சேர்ந்தே போங்கள்.

உங்கள் மகனின் கோபத்துக்குள்ளும் மகளின் அழுகைக்குள்ளும் சொத்துப் பயம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தால் அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வீட்டைக் கட்ட அவர்களுடைய அம்மா நகையை அடகு வைத்திருப்பார், சிமெண்ட் மூட்டையை எண்ணியிருப்பார். பிள்ளைகளுக்கு அது வெறும் சொத்து இல்லை. ஆதியாகமம் 23ல் ஆபிரகாமின் மனைவி சாராள் இறக்கிறாள், 24ல் அவர்கள் மகன் ஈசாக்குக்குக் கல்யாணம் ஆகிறது. அவன் தாயை நினைத்துக் கொண்டிருந்த துக்கம் அப்போதுதான் தீர்ந்தது என்று அந்த அதிகாரம் முடிகிறது. அதற்கு அடுத்த வசனத்திலேயே ஆபிரகாம் கேத்தூராளை விவாகம்பண்ணுகிறார். நம் ஞாயிறு பள்ளியில் இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை! எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு வருவது. தனக்கு உண்டானதையெல்லாம் ஈசாக்குக்குக் கொடுத்து, மற்றப் பிள்ளைகளுக்கு நன்கொடைகளைக் கொடுத்து, தான் உயிரோடிருக்கையிலேயே கணக்கைத் தீர்த்துவிட்டுத்தான் ஆபிரகாம் போகிறார். நீங்களும் மனைவியின் நகைகளைக் கல்யாணத்துக்கு முன்பே மகளிடமும் மருமகளிடமும் கொடுத்துவிடலாம். வீட்டைப் பற்றி உங்கள் முடிவைப் பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்லிவிடலாம். புது மனைவிக்கு உங்களுக்குப் பின் தங்க ஒரு கூரை இருக்க வேண்டும், அதையும் அந்த முடிவுக்குள் வையுங்கள். சம்மதத்தை விலைக்கு வாங்குவது போல 'வீட்டை எழுதித் தருகிறேன், ஒத்துக்கொள்' என்று மட்டும் பேசாதீர்கள். பிள்ளைகள் அதை மறக்க மாட்டார்கள்.

மகனிடம் மறுபடி பேசும்போது வாட்ஸ்அப்பில் எழுதாதீர்கள். முடிந்தால் பெங்களூருக்கு ரயில் ஏறிப் போங்கள். அவன் கேட்டது ஒரு கேள்விதான், அதற்கு நேரடியாகப் பதில் சொல்லுங்கள்: 'அம்மாவ மறக்கலப்பா. அவ இல்லாத வீட்ல எனக்கு இருக்க முடியல.' டிவியைப் போட்டுவிட்டு வேறு அறையில் உட்காருவதை என்னிடம் எழுதினீர்களே, அதை அவனிடம் சொல்லியிருக்கிறீர்களா? அப்பாக்கள் இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. 'நல்லா இருக்கேன், நீ எப்படி இருக்க' என்று போனை முடித்துவிடுவார்கள். பிறகு திடீரென்று கல்யாணப் பேச்சு வந்தால் அவர்களுக்கு அது அதிர்ச்சியாகத்தான் இருக்கும். அனுமதி கேட்காதீர்கள், அது உங்கள் முடிவு. ஆனால் அவர்களுக்கு நேரம் கொடுங்கள், ஆறு மாதமாவது. கோபப்பட உரிமை கொடுங்கள். 'தகப்பனைக் கனம்பண்ணு' என்ற வசனத்தை எடுத்து வீசாதீர்கள். மகள் அழுவது உங்கள் மேல் உள்ள கோபத்தால் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அம்மா இறந்தபோது அந்தத் தூரத்தில் சரியாக அழமுடியாத பிள்ளைகள் இப்படி ஒரு சந்தர்ப்பத்தில் அழுவதுண்டு. அழட்டும், நீங்களும் கூட அழலாம். ஹாலில் மாட்டியிருக்கிற மனைவியின் படத்தைக் கழற்றப் போவதில்லை என்று இருவரிடமும் சொல்லுங்கள். அந்த அம்மாவும் தன் கணவர் படத்தைக் கொண்டுவரட்டும். இரண்டு பேரும் அந்தப் பெயர்களைச் சாதாரணமாகச் சொல்லிப் பேச முடிகிற வீடு நல்ல வீடு. சாப்பாட்டு மேசையில் 'அவ வைக்கிற குழம்பு இப்படி இருக்காது' என்று சொல்லிவிடாதீர்கள், அவ்வளவுதான்.

பரலோகத்தில் எப்படி முகத்தில் விழிப்பது என்று கேட்டீர்கள். இந்தக் கேள்வியை இயேசுவிடமே கேட்டிருக்கிறார்கள். உயிர்த்தெழுதல் இல்லை என்று சொன்ன யூதப் பிரிவினரான சதுசேயர் மடக்குவதற்காகக் கேட்டார்கள்: ஏழு சகோதரரை ஒருவர்பின் ஒருவராக மணந்த பெண், உயிர்த்தெழுதலில் யாருக்கு மனைவி? அங்கே 'கொள்வனையும் கொடுப்பனையும் இல்லை' என்பதுதான் மத்தேயு 22ல் இருக்கிற பதில். கல்யாணம் இந்த உலகத்துத் தனிமைக்காகக் கொடுக்கப்பட்டது. அங்கே உங்கள் மனைவி உங்களிடம் கணக்குக் கேட்கக் காத்திருக்கவில்லை. வேதம் அதற்கு மேல் விவரம் தரவில்லை, நானும் கற்பனை செய்யப் போவதில்லை.

ஊர் பேசும், அதில் சந்தேகமில்லை. சீராம்பூரில் மிஷனரியாக இருந்த வில்லியம் கேரி, முதல் மனைவி டாரதி 1807 டிசம்பரில் இறந்ததும் ஆறு மாதம்கூடக் கழியாமல் சார்லட்டை மணந்தார். அப்போது மிஷனுக்குள்ளேயே முணுமுணுப்பு எழுந்தது. மனநோயால் பல வருஷம் துன்பப்பட்ட மனைவியோடு வாழ்ந்த மனிதர் அவர். சார்லட்டோடு 13 வருஷம் நன்றாக வாழ்ந்தார். அவரும் 1821ல் இறந்தார். அறுபது வயதில் கேரி மூன்றாவதாக கிரேஸ் ஹ்யூஸ் என்ற ஒரு விதவையை மணந்தார். 1834ல் கேரி இறக்கும்போது கிரேஸ் கூட இருந்தார். ஆறு மாதத்துக்குள் மணந்ததை நான் சிபாரிசு செய்யமாட்டேன், உங்களுக்கு அந்த அவசரமும் இல்லை. எதிர்ப் பக்கத்தில் திருச்சபைச் சீர்திருத்தவாதி கால்வின் இருக்கிறார். அவர் 1540ல் மணந்த இடலெட்டும் இரண்டு பிள்ளைகளோடு இருந்த விதவைதான். அவர் 1549ல் இறந்தபின் கால்வின் மறுபடி மணம் செய்யவே இல்லை. இரண்டு பேரையும் திருச்சபை மதிக்கிறது.

ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள். நம் ஊரில் மனைவியை இழந்த ஆண் மணம் செய்தால் 'பாவம், சோத்துக்குக் கஷ்டப்பட்டாரு' என்று விட்டுவிடுவார்கள். விதவை செய்தால் அவளுடைய சேலை நிறத்திலிருந்து பேச ஆரம்பிப்பார்கள். ஆகவே பேச்சு வரும்போது முன்னால் நிற்க வேண்டியவர் நீங்கள். அவர் சேகரத்துக் குருவானவரை நீங்களே போய்ப் பாருங்கள். இருவரும் தனியாகச் சந்தித்துப் பேசுவதை ஒளிக்காமல், பகலில், நாலு பேர் இருக்கிற இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒளித்தால் பழி அவர் மேல்தான் விழும்.

அந்தக் காரணத்துக்காகவே விடியற்காலைக் கல்யாணம் வேண்டாம் என்கிறேன். பெரிய பந்தலும் மேளமும் தேவையில்லை. ஒரு வார நாள் சாயங்காலம், இரண்டு சபையிலிருந்தும் நெருங்கியவர்கள், ஒரு பாட்டு, ஒரு டீ, கொஞ்சம் கேக் போதும். உங்கள் பிள்ளைகள் வரவில்லை என்றால் அவர்களுக்கு இரண்டு இடம் முன்வரிசையில் விட்டுவையுங்கள் என்று சொல்ல மாட்டேன், அது அவர்களைக் குத்திக்காட்டுவதாகப் போய்விடும். படம் அனுப்பலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு அனுப்புங்கள். துணைவர்களின் இறப்புச் சான்றிதழ்கள், சபை அங்கத்தினர் கடிதம் எல்லாம் குருவானவர் கேட்பார், எடுத்து வையுங்கள்.

அதற்கு முன் இரண்டு சபையிலும் மூன்று ஞாயிறு ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிப்பார்கள். உங்கள் பெயரும் அவர் பெயரும் ஒலிபெருக்கியில் வரும், பெஞ்சு பெஞ்சாகத் தலை திரும்பும். அந்த மூன்று ஞாயிறும் திருச்செந்தூருக்கு அவசர வேலை என்று கிளம்பிவிடாமல், வழக்கமாக உட்காருகிற பெஞ்சிலேயே உட்காருங்கள். ஆராதனை முடிந்ததும் அந்த அண்ணாச்சியிடம் நீங்களாகப் போய்ப் பேசுங்கள்.